ஏழாம் வசனம்

ஆறுக்குப் பிறகு எட்டை வாசித்தேன்.
கூரைத் தகரத்தில் மழை.
மோல்மேனில் ஆடி பிறந்துவிட்டால்
போதகர் குரல் போதகருக்கே கேட்காது.
யார் கவனிக்கப்போகிறார்கள்?
முப்பத்தொரு பேர். அதில் பாதிப்பேருக்குத் தமிழ்
ஞாயிற்றுக்கிழமை மட்டும் உடுத்தும் துணி.

மூன்றாம் வரிசையிலிருந்து ஞானப்பூ,
எழுந்துகூட நிற்காமல்:
"அண்ணா, ஏழு விட்டுப்போச்சு."

அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது.
லுங்கி தைத்த நேரம் போக, இரவில்
வேதத்தைப் பர்மிய வட்டங்களாக
ஒரு பள்ளிக்கூட நோட்டில் இறக்கிவைத்திருக்கிறாள்,
ழகரத்துக்கு மட்டும் தானே ஒரு குறி உண்டாக்கி.
நான் வாசிக்க வாசிக்க
வட்டத்தின் மேல் வட்டமாய் ஊர்ந்து வரும் விரல்
ஆறின் முடிவில் நின்றுவிட்டது.
எட்டுக்குத் தாவ மறுத்துவிட்டது.

ஏழாம் வசனம் தராசைப் பற்றியது.

கீழ்ச்சந்தையில் கருவாடு நிறுப்பவன் நான்.
என் விசைக்கல் பித்தளை. துலக்கினால் பொன் மாதிரி.
அதன் அடியைக் குடைந்தேன்.
குடைந்த பள்ளத்தை அடைக்க
மெழுகு எங்கே கிடைத்தது என்று கேட்காதீர்கள்.
இல்லை, கேளுங்கள்.
பீடத்து மெழுகுவத்திகள் உருகி வழிந்ததைச்
சனிக்கிழமைதோறும் சுரண்டுகிறவனும் நான்தான்.

கண்ணாடியைத் துடைத்தேன்.
"மன்னிக்கணும். கண் தெரியல.
ஏழை விட்டுவிட்டேன்" என்றேன்.
சொன்ன பிறகுதான்
அந்தச் சொல்லின் இன்னொரு முகம்
என்னை ஏறிட்டுப் பார்த்தது.

வாசித்தேன். ஒரே ஒரு வரி.
அத்தனை நீளமான வரியை
அதற்கு முன் நான் வாசித்ததில்லை.

காணிக்கைப் பை வந்தது.
மடித்து வைத்திருந்த ஐயாயிரம் கியாட்
விரலிடுக்கில் வேர்த்தது. பையைக் கைமாற்றிவிட்டேன்.
பக்கத்தில் இருந்தவர் இருமினார்.
பாட்டு எழும்பியது. நான் உதட்டை மட்டும் அசைத்தேன்,
பிறகு அதையும் நிறுத்தினேன்.

போதகர் ஆசீர்நாதன் குடையை மடக்கிக்கொண்டே கேட்டார்.
"விசைக்கு எவ்வளவு?"
"நாலு டிக்கல்."
"எத்தனை வருஷம்?"
"ஒன்பது."
பெருக்கிப் பார்க்கவில்லை அவர்.
"நாலு ஞாயிறு வாசிக்க வேண்டாம். கேட்க வா.
கொடுக்க வேண்டியவங்ககிட்ட கொடுத்துட்டு
அப்புறம் திருவிருந்துக்குக் கை நீட்டு."

திங்கள் விடியும் முன்னே
ஆணியைக் காய்ச்சி மெழுகைத் தோண்டினேன்.
உள்ளே ஒரு துண்டுத் திரி,
ஒருபோதும் கொளுத்தப்படாதது போல வெள்ளையாக.
ஈயத்தை ஊற்றினேன்.

கோ தவுங் போன வருஷம் ஆற்றோடு போய்விட்டான்.
அவன் மனைவி சிரித்தாள்:
"சந்தையில் எல்லாக் கல்லும் அப்படித்தானே."
சிரித்தபடியே வாங்கிக்கொண்டாள்.
மர்தபான் பக்கம் குடிபோன ஒருத்தி,
முகம் தெரிகிறது, பெயர் தெரியவில்லை.
அவள் பங்கு இன்னும் டப்பாவில் இருக்கிறது.

ஞானப்பூ அரை விசை கூனிக்கு வந்தாள்.
இரண்டு விசை கட்டினேன். ஏனென்று சொன்னேன்.
நெடுநேரம் பொட்டலத்தையே பார்த்தாள்.
"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா.
நான் எண்ணிக்கைதான் பார்த்தேன்."
குடை விரித்தவள் திரும்பினாள்:
"இன்னொண்ணு.
நீங்க 'வழி'ன்னு வாசிக்கிறப்போ
எப்பவும் 'வலி'ன்னுதான் கேக்குது."

ஐந்தாம் ஞாயிறு. மழை விடவில்லை.
இப்போது அவள் விரலின் வேகத்தில்தான் வாசிக்கிறேன்.
நோட்டில் அந்தக் குறி வரும்போது
விரல் லேசாக நிற்கிறது.
நாக்கை மடக்கி, மேலண்ணம் தேடி,
நானும் நிற்கிறேன்.